கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுக் கேட்ட வக்கீலய்யாவுக்கு

ஐயா,

பால் சொசைட்டிச் சுவரில் இன்று காலை மூக்குக் கண்ணாடி வரைந்துகொண்டிருந்தார்கள். பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்தவன் அந்தப் பெயின்ட் வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். அதே நீலம். இரண்டு பெரிய வட்டம், நடுவில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் காதில் மாட்டுகிற கம்பி. உள்ளே கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனாலும் எனக்கு முழு முகமும் தெரிந்தது. உங்கள் முகம்.

முன்பென்றால் படத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது படத்துக்குக் கீழே இருப்பதையும் படிக்கிறேன். ஆமாம் ஐயா, படிக்கிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். கைநாட்டுத் திம்மராயன் சுவரில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். பெயின்டர் பையன் தூரிகையை நிறுத்திவிட்டு, "ஏன் தாத்தா, தப்பா எழுதிட்டனா?" என்று பயந்துபோனான். அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அது நம் சுகுணா பாப்பாவின் பெயர் இல்லை. பாப்பாவை எதிர்த்து நிற்கிற மாங்காய் மண்டி வீட்டு அம்மாவின் பெயர்.

உங்கள் மகள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறாள். உங்கள் பழைய சின்னம் எதிராளிக்குப் போய்விட்டது. மறுபடியும். இதை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன். மெல்லத்தான் எழுத வரும். ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. உங்களுக்கும் இப்போது கோர்ட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. பொறுமையாகக் கேளுங்கள்.

எப்படிப் படிக்க வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். சொல்லித்தருவது செல்வி என்கிற பெண். திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்கு ஓசூரில் ஸ்கூட்டர் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. நான் பலகையைப் பிடித்து அழுத்தி எழுதினால், "தாத்தா, எழுத்த ஏன் இந்த அமுக்கு அமுக்குதீய? அது எங்கயும் ஓடிப் போவாது" என்பாள். ஓடிப்போய்விடும் என்றுதான் எனக்குப் பயம். இத்தனை வருஷம் என் கைக்கு வராமல் ஓடியதுதானே.

இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. முன்பெல்லாம் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவர் மீசையையும் வைத்துத்தான் அஞ்செட்டி பஸ்ஸைக் கண்டுபிடிப்பேன். டிரைவர் மீசையை எடுத்துவிட்ட அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். இப்போது போர்டைப் படித்துவிட்டு, ஏறாமல், அடுத்த பஸ்ஸின் போர்டையும் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். அத்திப்பள்ளி தாண்டினால் மட்டும் எல்லாப் பலகையும் கன்னடமாகிவிடுகிறது. அங்கே நான் இன்னும் பழைய திம்மராயன்தான். வீட்டில் உப்புப் பொட்டலத்தைக் கூட விடுவதில்லை. "மாமா, உப்ப மொதல்ல குடுங்க, அப்பறம் படிங்க, கொழம்பு கொதிக்குது" என்று மருமகள் கத்துகிறாள்.

உங்கள் முதல் தேர்தல் நினைவிருக்கிறதா? பெங்களூரில் சட்டம் படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டோடு வந்து இறங்கியிருந்தீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் தெலுங்கு பேசுவார்கள். பெரிய ராகிக் காடு, கிணறு, மாடு கன்று. எங்கள் தெரு ஏரிக்கு அந்தப் பக்கம். அப்பா காலத்திலிருந்து உங்கள் நிலத்தில்தான் எங்களுக்கு வேலை. கம்பெனி வருகிறது, நிலம் போகிறது என்று ஊரே குழம்பியிருந்த நேரம். தலைவருக்கு நிற்கிறேன் என்றீர்கள். கிடைத்த சின்னம் மூக்குக் கண்ணாடி. உங்கள் முகத்தில் ஏற்கெனவே சோடா பாட்டில் அடிபோல ஒரு கண்ணாடி. ஊர் சிரித்த சிரிப்பு! "சின்னத்த மூஞ்சியிலயே மாட்டிக்கினு வர்றாரு பாரு, இவருக்கு நோட்டீஸ் செலவே இல்ல" என்றார்கள். எழுத்துத் தெரியாத எங்கள் தெருவுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? கண்ணாடிதான் வக்கீல், வக்கீல்தான் கண்ணாடி. ஜெயித்தீர்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் முதல் தெருக்குழாய் அப்போதுதான் வந்தது. கண்ணாடி வக்கீல் என்றே பெயர் நின்றுவிட்டது.

அடுத்த தேர்தலில் அதே கண்ணாடி எதிரே நின்றவருக்குப் போயிற்று. உங்களுக்கு ஏணி. சின்னம் ஒதுக்கிய இடத்திலிருந்து வந்ததும் உங்கள் வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

"இத மாட்டிக்கினு நான் தெருவுல நடந்தா அவருக்கில்ல ஓட்டு விழும்? முடியற வரைக்கும் இது வெளிய வராதுப்பா."

"உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களே ஐயா?"

"அதான் நீ இருக்கியே."

உள்ளேயிருந்து உங்கள் வீட்டு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஜாமீன் வாங்கிக் குடுக்கறாரு. எனக்கு இந்த எலெக்‌ஷன்லேர்ந்து ஜாமீன் கெடைக்க மாட்டேங்குது."

அப்புறம் நடந்த கூத்து உங்களுக்கே முழுதாகத் தெரியாது. பார்த்தவன் நான்தான். ஒரு திருப்பத்தில் கரண்ட் டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக் கைகூப்பி, "மறக்காம ஏணிக்குப் போடுங்க" என்றீர்கள். இன்னொரு வீட்டு வாசலில் நோட்டீஸை நீட்டினீர்கள், கன்றுக்குட்டி அதை வாங்கித் தின்றது. எல்லாவற்றுக்கும் மேல், எதிரே வந்த ஒருவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊரு நல்லா இருக்கணும்னா ஏணிக்குத்தாங்க" என்று உருகினீர்கள். அவர் பாவம், "போட்டுடறன் வக்கீலு சார். ஆனா நான்தான் கண்ணாடி" என்றார். நீங்கள் சிரித்தீர்கள், அவர் சிரித்தார், தெருவே சிரித்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

அந்த நாளெல்லாம் உங்கள் இடது கை என் தோளில் இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் இல்லை, கோயில் வீதியிலும், உங்கள் பங்காளிகள் இருந்த பெரிய வீதியிலும். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் எங்கள் தெரு ஆள் தோளில் கைபோட்டு அந்த வீதியில் நடந்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் நின்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். எனக்கு உள்ளங்கால் கூசியது. "ஐயா, ஒரு குச்சி கொண்டாரட்டுங்களா?" என்று மெல்லக் கேட்டேன். "குச்சி ஆள் பேரு சொல்லுமா? யாரு வர்றாங்க, சொல்லிக்கினே வா" என்றீர்கள். சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் கையால் கொஞ்சம் ஓட்டுப் போயிற்று என்று பின்னால் உங்கள் அப்பாவே சொன்னார். அதை உங்களிடம் நான் சொன்னபோது, "கண்ணு தெரியாதவன் கை வேற எங்கப்பா போகும்?" என்று முடித்துவிட்டீர்கள்.

ஓட்டுப் போட்ட அன்று மாலை உங்கள் அப்பா தலைப்பாகையைக் கழற்றி உதறிக்கொண்டு பெருமையாக வந்து உட்கார்ந்தார். "ஏம்ரா திம்மா, குத்திட்டன்! கண்ணாடி மேலயே, சரியா நடு மூக்குல!"

அம்மா கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. "மாமா! நம்ம சின்னம் ஏணி!"

"ஏணியா? ஏணி யார் மூஞ்சியில இருக்குது? நான் எம் பையன் மூஞ்சியப் பாத்துக் குத்தினன்" என்றார் பெரியவர். கோபம் வேறு அவருக்கு.

எங்கள் தெருவில் விசாரித்தால் பாதிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள். வீடு வீடாக ஏணி என்று சொல்லித் தொண்டை கட்டியிருந்தேன். எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள். ஆனால் சீட்டில் கண்ணாடியைக் கண்டதும் பாசம் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்கள்மேல் பிரியம் உள்ளவர்களே உங்களைத் தோற்கடித்தார்கள். பெரியவருக்கு விஷயம் புரிந்தபோது முகம் சுருங்கிப்போயிற்று. நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நீங்க எனக்குத்தான் போட்டீங்க. ஓட்டு எண்றவங்களுக்குத்தான் அது தெரியல" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "சின்னம் வாடகைக்கு வர்றது திம்மா. பேருதான் சொந்தம். அதப் படிக்கத் தெரியாத வரைக்கும் நம்மள யார் வேணா இப்பிடி மாத்திப்புடலாம்."

நீங்கள் அதற்குப் பிறகு நிற்கவில்லை. கோர்ட், கேஸ், நிலம் போனவர்களின் மனு என்று கடைசிவரை அந்தக் கறுப்புக் கோட்டோடு அலைந்தீர்கள். நான் கம்பெனித் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டு ரிட்டயர் ஆனேன். நீங்கள் போன அன்று அம்மா உங்கள் கண்ணாடியைத் துடைத்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னும் தினமும் துடைக்கிறார்.

நேற்று அங்கே போயிருந்தேன். அந்தப் படத்துக்கு முன்னால்தான் தகராறு நடந்துகொண்டிருந்தது.

சுகுணா பாப்பாவும் உங்களைப் போலவே வக்கீல், உங்களைப் போலவே தடிக் கண்ணாடி. பாப்பாவுக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். அம்மா கண்கலங்கி, "அந்தக் கண்ணாடி உங்கப்பாவத் தோக்கடிச்சுது. உன்னையும் தோக்கடிக்கும். ஊருக்கு அது இன்னும் உங்கப்பா மூஞ்சிதான். விட்டுடுடி" என்றார். பெங்களூரிலிருந்து பாப்பாவின் அண்ணன் போனில், "அம்மா சொல்றது சரி. கண்ணாடியையாவது கழட்டு, லென்ஸ் போட்டுக்கோ" என்றான்.

"கழட்ட மாட்டன்" என்றாள் பாப்பா. "எனக்கு ஆள் மூஞ்சி தெரியணும். தண்ணி வரலன்னு சொல்றவங்க மூஞ்சியப் பாத்துப் பேசணும். திம்மா மாமா, நீங்க சொல்லுங்க."

என்னை மாமா என்று கூப்பிட அவளுக்குச் சொல்லிவைத்தது நீங்கள். அப்போது அவளுக்குப் பேச்சு வந்த புதிது. உங்கள் வீட்டில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஒரு சொல் என்னை இன்னும் உங்கள் வீட்டு வாசலில் நிமிர்ந்து நிற்க வைக்கிறது. அவள் கேட்டதும் உங்கள் வார்த்தை ஞாபகம் வந்தது. "பேரச் சொல்லித்தரலாம் பாப்பா" என்றேன். "குழாய்னு சொன்னாப் பத்தாது. ஏணின்னு நான் சொல்லாததா? உம் பேரு எப்படி இருக்கும்னு அவங்க கண்ணுல பதியணும்."

இதற்கு மேல் சில நாள் எழுத முடியவில்லை ஐயா. வேலை அப்படி.

முதலில் வகுப்பில்தான் ஆரம்பிக்கப் பார்த்தேன். கரும்பலகையில் பாப்பா பெயரை எழுதப் போனேன். செல்வி ஓடிவந்து சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா! தேர்தல் நேரத்துல பள்ளிக்கூடத்துல வேட்பாளர் பேரு எழுதுனா என்னையத் தூக்கிருவாவ. வெளிய போயி என்னமும் செய்யுங்க." நியாயம்தான். அதனால் இடத்தை மாற்றினேன். காலையில் பால் சொசைட்டி முன்னால் கேனை வைத்துவிட்டு எல்லோரும் காத்திருப்போமே, அங்கே. மண்ணில் குச்சியால் எழுதினேன். கோ. சுகுணா.

மாடு மேய்க்கிற கெஞ்சம்மாவை உங்களுக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் பல் இல்லை, வாய் மட்டும் குறையவில்லை. "எம் பேரே எனக்கு எழுத வரல. உங்க வக்கீலு மக பேரப் படிக்கணுமா?" என்று இடுப்பில் கைவைத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். "மொதல்ல நிக்கறது என்னா இது? முன்னால கொம்பு, பின்னால காலு. மாடுதான இது?"

"அது கோ. வக்கீலய்யா பேரோட மொத எழுத்து. மக பேருக்கு முன்னால அப்பா நிக்கறாரு."

கெஞ்சம்மா அங்கேயே மண்ணில் குந்தினாள். கொம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "ஓ, கண்ணாடிக்காரரு இங்க இருக்காரா" என்றாள். அதற்குப் பிறகு நான் யாருக்கும் அதிகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் அவளே நிறுத்தி, "இங்க பாரு, கொம்பும் காலும் முன்னால வருதா? அதான் வக்கீலு, பின்னாலயே வர்றது மக" என்று பாடம் எடுத்தாள். வேன் ஓட்டுகிற பையன்கள் கேலி செய்தார்கள். "மொதல்ல தெருக்குழாய்ல தண்ணி வரட்டும் ஆயா, அப்பறம் சீட்டுக் குழாய்க்குப் போடறோம்." அந்த நேரம் பார்த்து பாப்பா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். "அதுக்குத்தாங்க நிக்கறன். எந்தக் குழாய்ல வரல, வந்து காட்டுங்க" என்று ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயே விட்டாள். கண்ணாடி முகத்தில் அப்படியே இருந்தது. மாங்காய் மண்டிக்காரர்கள் சுவருக்குச் சுவர் நீலக் கண்ணாடி வரைந்து முடித்திருந்தார்கள். பாப்பா போகிற இடமெல்லாம் அவர்கள் சின்னத்தைத்தான் மாட்டிக்கொண்டு போனாள்.

ஓட்டுப் போடும் இடம் பள்ளிக்கூடத்தில், எங்கள் வகுப்பு நடக்கிற அதே அறை. உட்கார்ந்திருந்தவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், கைநாட்டு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். "பேனா குடுங்க" என்றேன். நான் எழுதுகிறேன், எழுதுகிறேன், முடியவில்லை. பின்னால் வரிசையில் ஒருத்தன், "பெருசு, ஓட்டுப் போட வந்தியா, பரீட்ச எழுத வந்தியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டுத்தான் பேனாவைத் தந்தேன்.

மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தால், முதலில் தெரிந்தது கண்ணாடி. ஐயா, உங்கள் அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். எல்லாம் தெரிந்த என் கையே முத்திரையோடு அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அது படம் இல்லை, நீங்கள் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். மேலேயிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஒன்று இல்லை. இரண்டு இல்லை. அப்புறம் முன்னால் கொம்பு, பின்னால் கால். அங்கே நின்றுகொண்டிருந்தீர்கள். பக்கத்தில் பாப்பா. அதற்கு நேராகக் குத்தினேன்.

வெளியே கெஞ்சம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "என்னா, படிச்சியா?" என்றேன்.

"எல்லாப் பேரையும் படிச்சன். மத்தவங்களத் தள்ளிட்டன்" என்றாள், தாசில்தார் மாதிரி.

பாப்பா ஜெயித்துவிட்டாள் ஐயா.

பெரிய வித்தியாசம் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வித்தியாசம்தான். எங்கள் எழுத்துக் கூட்டலால்தான் ஜெயித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். குழாய் குழாயாகப் போய்ப் பார்த்தவள் அவள். ஆனால் கெஞ்சம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள், நான் மறுத்துப் பேசவில்லை. அம்மா சேதி கேட்டதும் உங்கள் படத்துக்கு முன்னால் போய், "பாத்தீங்களா, இவ மாட்டிக்கினே ஜெயிச்சிட்டா. நீங்க எதுக்கு அந்தத் தெருவெல்லாம் தடுமாறினீங்க?" என்று சண்டை பிடித்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அன்று சாயங்காலம் பாப்பாவை ஊர்வலமாக அழைத்து வந்தோம். பெரிய வீதியில் யாரோ சாமந்தி மாலையை வீசிப் போட, அது கண்ணாடியைத் தட்டிவிட்டது. கூட்டத்தில் யாரோ மிதித்தும் விட்டார்கள். பாப்பா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அப்புறம் கையை நீட்டித் துழாவினாள். என் தோளைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எதுவும் தெரியல. யாரு வர்றாங்க, சொல்லிக்கினே வாங்க."

சொல்லிக்கொண்டே போனேன். அதே வீதி, அதே வாசல்கள். நான் பழக்கத்தில் அந்த வாசல்களைப் பார்த்தேன். இந்த முறை யாரும் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். உங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி ஆரத்தித் தட்டோடு வந்து, அவளுக்குச் சுற்றிவிட்டு, பக்கத்தில் நின்ற எனக்கும் சேர்த்துச் சுற்றி, ஆரத்தி நீரால் பொட்டும் வைத்துவிட்டுப் போனாள். நெற்றியில் பட்ட ஈரத்தை நான் இன்னும் துடைக்கவில்லை.

உங்கள் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். பாப்பா கை அவ்வளவு கனம் இல்லை. ஆனால் இருந்தது அதே இடத்தில்தான், இடது கை, இந்த வலது தோள். அந்தத் தோளுக்குக் கீழே இருக்கிற கைதான் இதை எழுதுகிறது.

முகவரி எதுவும் எழுதவில்லை. உங்கள் படத்துக்குக் கீழே, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் தரப்போகிறேன். கீழே இருப்பது ரேகை இல்லை ஐயா, என் பெயர். முன்னால் நிற்பது என் அப்பா.

மு. திம்மராயன்